வண்டி ஏறாத சீட்டு

கோடு பத்து சென்டிமீட்டர் நீளம். இடது முனையில் ‘சற்றும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது, வலது முனையில் ‘தாங்க முடியாத அளவு’. இடையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மேலே ஒரே ஒரு கேள்வி: ‘இந்த நேரத்தில் உங்கள் ஏக்கம் எவ்வளவு? கோட்டில் ஒரு குறி இடவும்.’ பூபதி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மறுவாழ்வு மையத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பென்சிலை அட்டையோடு சணல் நூலால் கட்டியிருந்தார்கள், தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற மாதிரி. இந்தத் துண்டுப் பென்சிலைத் திருடிக்கொண்டு போய் யார் மாளிகை கட்டப் போகிறார்களோ. அதன் பின்பக்கம் முழுக்கப் பல் பதிந்திருந்தது. அவனுடைய பல் இல்லை, அவனுக்குக் கடிக்கக்கூடத் தோன்றியதில்லை. இது நாற்பத்திரண்டாவது நாள். மணி பத்தே கால். பதினொன்றுக்குக் கவுன்சலர் எஸ்தர் மேடம் கூப்பிடுவார், அதற்குள் குறி போட்டிருக்க வேண்டும். அதே பதினொன்றுக்குக் கோகிலாவும் மகள் மிதுனாவும் சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்கள். இன்றைக்கு எண் மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அவர்களோடேயே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னும் முப்பது நாள். கோகிலா ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாள், “இந்தவாட்டி வரலீன்னா நான் எங்கம்மா ஊட்டுக்கே போயிடறனுங்க. புள்ளைய அங்கியே பள்ளிக்கோடத்துல சேத்திப் போடறேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவனும் சரி என்றான். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி என்றோம் என்று யோசித்தான், யோசித்துப் பாதியில் விட்டுவிட்டான்.

ஏக்கம் என்றால் என்னவென்று பூபதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே சேர்ந்த மூன்றாம் நாள், கை கால் உதறி மூக்கில் தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் போனில் கோகிலா சொன்னாள், “மிதுனாவுக்கு ஏக்கம் புடிச்சுக்கிச்சுங்க. காய்ச்சல்ல அப்பா அப்பான்னு அனத்தறா.” மறுநாள் காலையில் இந்த அட்டையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். உங்கள் ஏக்கம் எவ்வளவு. ஏழு வயதுப் பிள்ளை அங்கே காய்ச்சலில் கிடக்கிறது, இங்கே அப்பனுக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அவன் தனக்குள் தேடிப் பார்த்தான். மகளுடைய முகத்தை நினைத்தான், முகம் வந்தது, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி வந்து நின்றது, அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஒன்றுமில்லை என்று எந்த அப்பன் எழுதிக் கொடுப்பான்? பென்சிலைத் தள்ளிக்கொண்டே போய் வலது பக்கம் எட்டுக்குக் கிட்டே ஒரு கோடு கிழித்தான். அடுத்த நாளும் அப்படியே. எஸ்தர் மேடம் சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கணக்காக அளந்து எழுதிக்கொள்வார். எழுபத்தெட்டு, எழுபத்தாறு, எண்பத்தொன்று. முழு எட்டில் ஒரு நாளும் போட்டதில்லை. முப்பத்தெட்டு நாளில் முப்பத்தெட்டு குறி, ஒன்றுகூட உண்மை இல்லை. “ஏக்கம் குறையவே மாட்டேங்குதே பூபதி,” என்று வாரத்துக்கு ஒருமுறை மேடம் வருத்தப்படுவார். தனக்காக ஒரு மனுசி வருத்தப்படுகிறாளே என்று அவனுக்குக் கூச்சமாக இருக்கும். டாக்டர் ராத்திரி மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதும் இன்னும் கொஞ்சம் மரத்தது.

மரத்துப் போவதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதும் சரியாக நினைவில்லை. சோறு சோறாக இருந்தது, வெயில் வெயிலாக இருந்தது, பினாயில் வாசனை பினாயில் வாசனையாக இருந்தது, எதுவும் உள்ளே வந்து உட்காரவில்லை. மேடம் ஒருநாள் கேட்டார், “எந்த நேரத்துல ரொம்ப அதிகமா இருக்கு?” நாலு மணிக்குங்க மேடம் என்றான். யோசித்தெல்லாம் சொல்லவில்லை, நாலு மணி என்பது மிதுனாவின் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், எப்படியும் அந்த நேரத்தில் ஒரு அப்பனுக்கு ஏக்கம் இருந்தாக வேண்டும் என்று சொன்னான். “அப்போ நாலு மணிக்கு மனசை வேற பக்கம் திருப்புங்க. தோட்டத்துல தண்ணி விடுங்க,” என்றார் மேடம். பிள்ளையை நினைக்காமல் இருக்கப் பப்பாளிக்குத் தண்ணீர் விடச் சொல்கிறாரே, இது என்ன வைத்தியமோ என்று நினைத்தான், ஆனாலும் தினமும் விட்டான். பப்பாளி நன்றாகக் காய்த்தது. நாலு மணி என்றதும் பச்சைத் தண்ணீர் பாட்டில் ஒன்று ஞாபகத்துக்கு வரும். போன வருசம் ஒருநாள் கோகிலா உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டாள், பூபதிதான் கூப்பிட்டு வர வேண்டும். நாலு மணிக்கு அவன் வேலை பார்த்த லாரி எடை மேடை அறையில் அன்றைய மூன்றாவது வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். போகணும் என்று தெரியும், போகணும் என்பது தூரத்தில் யாரோ யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது. ஆறரைக்குப் போனபோது வாட்ச்மேன் ஸ்டூலில் பிள்ளை உட்கார்ந்திருந்தது, பச்சை பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அழவில்லை. “ஏம்ப்பா, வண்டி நெறைய வந்துருச்சா?” என்று கேட்டது. ஆமாம் கண்ணு என்றான். அன்றைக்கு மேடைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. இதை நினைத்தால் வலிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தினமும் இதை எடுத்துக் கிள்ளிப் பார்ப்பான். கிள்ளுகிற விரல் தெரியும், கன்னம் தெரியாது.

எடை மேடையில் பதினோரு வருசம். லாரி ஏறி நிற்கும், டிரைவரும் கிளீனரும் இறங்கிக்கொள்வார்கள், அறைக்குள் பெட்டியில் சிவப்பு எண்கள் ஆடும், நாற்பது கூடும், அறுபது குறையும், பிறகு மெல்ல நிற்கும். நின்ற பிறகுதான் பொத்தானை அமுக்கிச் சீட்டு எடுக்க வேண்டும். ஆடுகிற எண்ணில் சீட்டு எடுக்கிறவன் எடை போடத் தெரியாதவன். கோகிலா சாப்பாடு கொண்டுவருவாள், சூடு ஆறுது வாங்க என்பாள், இவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே “நம்பர் நிக்கட்டும்” என்பான். பிறகு அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. மிதுனா ஓடிவந்து மூச்சிரைக்க எதையாவது சொல்ல ஆரம்பித்தால் கோகிலா, “நம்பர் நிக்கட்டும் கண்ணு, அப்பறம் சொல்லு,” என்பாள். மழைக்காலத்தில் மேடைக்கு அடியில் குழியில் சேறு சேரும். ஆளே இல்லாத மேடை நாற்பது கிலோ காட்டும். அதை வழித்துப் போட இறங்கியபோதுதான் வழுக்கி இரும்பு உத்தரத்தில் முதுகு அடித்துக்கொண்டது. டிரைவர் ஒருத்தர் வலி மாத்திரை கொடுத்தார், “ஒண்ணு போட்டுப் பாருங்ணா.” வலி போனது. வலியோடு சேர்த்து வேறு என்னென்னவோ போனது, அதுதான் சுகமாக இருந்தது. ஒன்று நாலானது, நாலு பத்தானது. கடைசியில் அந்த டிரைவர் ஒரு அட்டை மாத்திரையை மேசை மேல் வைத்துவிட்டு, “வண்டி பின்னால வருதுங்ணா, சீட்டு மட்டும் முன்னாடியே போட்டு வெச்சிருங்க,” என்றபோது பூபதி வெளியே எட்டிப் பார்த்தான். மேடை காலி. வெயில் மட்டும் நின்றது. உள்ளே வந்து இருபத்து மூவாயிரத்து நானூற்று எண்பது என்று தட்டினான். பொய் எண்ணை முழுசாகப் போடக் கூடாது, பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். வண்டி ஏறாத சீட்டு. எடை மேடைக்காரன் செய்யவே கூடாத காரியம் அது ஒன்றுதான், அதற்குப் பிறகு அவன் அதைப் பதினேழு முறை செய்தான், பிடிபட்டான், வேலை போனது. கோகிலாவிடம் சொன்னபோது அவள் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. “வண்டியே ஏறாமயா போட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

இந்த அட்டையிலும் அதேதான் நடந்திருக்கிறது. முப்பத்தெட்டு சீட்டு, வண்டி ஏறாமல். இன்றைக்கு உண்மையைப் போடலாம். உண்மை இடது முனையில் இருக்கிறது: சற்றும் இல்லை. போட்டால் வீட்டுக்கும் போகலாம். மகளிடம் போவதற்கு மகள் மேல் ஏக்கமே இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்களோ. ஏக்கம் அதிகமாக இருக்கிறவன் சுவரேறிக் குதித்துவிடுவான் என்று பயப்படுகிறார்களோ என்னவோ. பென்சிலை இடது முனைக்குக் கொண்டுபோனான், கை நின்றது. இதை நாளைக்குக் கோகிலா பார்த்தால்? மிதுனா பெரியவளாகி ஒருநாள் ஏதோ பீரோவிலிருந்து இந்தக் காகிதம் விழுந்து படித்தால்? பென்சிலை வலது பக்கம் கொண்டுவந்தான். திரும்ப இடது. அப்போது மாதேஷ் வந்து பெஞ்சு ஆட உட்கார்ந்தான். தர்மபுரிக்காரன், பக்கத்துக் கட்டில், குடியை விட வந்தவன், வாயை விடச் சொன்னால் செத்துப்போவான். அட்டையை எட்டிப் பார்த்தான். “இன்னும் போடலியா மாப்ள? நான் பல்லு வெளக்கனதும் சைபரப் போட்டுட்டு வந்துட்டேன்.” பூபதி கேட்டான், “ஏனுங், உங்களுக்குப் புள்ளைங்க மேல ஏக்கமே இல்லீங்களா?” மாதேஷ் அவனை ஒரு மாதிரி பார்த்தான். “புள்ளைங்களா? புள்ளைங்களுக்கும் இதுக்கும் இன்னாய்யா? சரக்கு வேணும்னு இருக்குதா, அத்த எவ்ளோன்னு கேக்கறாங்க. எனக்குச் சரக்கு, உனக்கு மாத்திர. மாத்திர மேல எவ்ளோ ஆசைன்னு போடு.” பிறகு பூபதியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “இத்தினி நாளா இன்னான்னு நெனச்சிப் போட்ட மாப்ள?” பூபதி அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தான். மாதேஷ் சிரிக்க ஆரம்பித்தான், சிரித்து முடிக்க முடியாமல் எழுந்து போனான், வராந்தாக் கோடி வரைக்கும் சிரிப்பு கேட்டது.

மாத்திரை. படிவத்தைத் தமிழாக்கிய புண்ணியவான் குடி, மாத்திரை, கஞ்சா எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெயரைப் போடாமல் ஏக்கம் என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். சிரிக்க வேண்டிய விசயம்தான், பூபதிக்கும் அது தெரிந்தது, சிரிப்பு எங்கேயோ கிளம்பி வழியிலேயே தங்கிவிட்டது. அப்படியானால் மகளுக்காக அவன் போட்டதெல்லாம் மாத்திரைக் கணக்கில் ஏறியிருக்கிறது. நாலு மணி ஏக்கம் என்பது நாலு மணிக்கு மாத்திரை கேட்கிறது என்று ஆகியிருக்கிறது. பப்பாளிக்கு விட்ட தண்ணீர் மாத்திரையை மறக்க விட்ட தண்ணீர். டாக்டர் கூட்டியது அதற்குத்தான். இத்தனை நாளில் மாத்திரையை நினைத்தானா? தேடினான். வெள்ளை மாத்திரை, அட்டையைப் பிதுக்கும்போது வருகிற சின்னச் சத்தம், நாக்கில் கசப்பு. எல்லாம் வந்தது, போட்டோ மாதிரி வந்து நின்றது. வேண்டும் என்று இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. பிள்ளையும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான், மேடை காலி. சரி, இது சுலபம். பயப்பட ஒன்றுமில்லை, மகள் இந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. இடது முனையில், ‘சற்றும் இல்லை’க்கு நேராக, ஒரு குறி போட்டான். இதுதான் முதல் உண்மையான சீட்டு என்று நினைத்தான். மணி பத்தே முக்கால். வீட்டுக்குப் போய்ச் சட்டையை எந்த ஆணியில் மாட்டுவோம் என்று யோசித்தான். கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணி இருந்தது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பஸ் சீக்கிரமே வந்துவிட்டது போலிருக்கிறது. கோகிலா தோளில் பெரிய பையோடு வந்தாள், பையில் அவனுடைய துணிகளுக்கு இடம் விட்டிருந்தது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மிதுனா. வளர்ந்திருந்தாள், ரெட்டைச் சடை, கழுத்தில் பச்சை பாட்டில் தொங்கியது. பூபதி எழுந்தான். பழைய மிதுனா என்றால் காலைக் கட்டிக்கொள்ளும், “ஏம்ப்பா இத்தன நேரம், வாப்பா, போலாம்ப்பா,” என்று வாப்பா போப்பாவாகவே பேசும், கோகிலா அதட்டினாலும் மாறாது. இந்த மிதுனா மூன்றடி தள்ளி நின்றாள். கோகிலா முதுகைத் தட்டி, “அப்பாகிட்டப் பேசு கண்ணு,” என்றாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, பாட்டில் வாரைப் பிடித்துக்கொண்டு, நன்றாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளை மாதிரிச் சொன்னது, “வாங்க. நல்லா இருக்கீங்ளா?” வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குச் சொல்கிறது. கல்யாண வீட்டில் முகம் தெரியாத மாமனுக்குச் சொல்கிறது. பூபதி, “நல்லா இருக்கறன் கண்ணு,” என்றான், அவனுக்கும் அதுதான் வந்தது. கோகிலா அவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “இப்பல்லாம் அழுகறதில்லீங்க. ஏக்கம் தெளிஞ்சிருச்சு,” என்றாள்.

ஏக்கம் தெளிஞ்சிருச்சு. அவளுடைய கோட்டில் குறி இடது முனைக்குப் போய்விட்டது. வாங்க. நல்லா இருக்கீங்ளா. அந்த ‘ங்க’ உள்ளே போய் எங்கோ இடித்தது, குழியில் விழுந்தபோது முதலில் சத்தம் கேட்டுப் பிறகுதான் வலி தெரிந்ததே அதுபோல, இப்போது சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வலி வந்தது. வாட்ச்மேன் ஸ்டூல் வந்தது, இந்தத் தடவை ஸ்டூலில் பிள்ளையின் கால் தரைக்கு எட்டாமல் தொங்கியதும் சேர்ந்து வந்தது, இரண்டரை மணி நேரம், வண்டி நெறைய வந்துருச்சா. மூச்சு விட இடமில்லாமல் நெஞ்சு நிறைந்தது. நாற்பத்திரண்டு நாளாகக் காலியாகக் கிடந்ததில் எல்லாம் ஒரேயடியாக ஏறியது, அதோடேயே, அதற்குப் பின்னாலேயே, பழைய கூட்டாளி மாதிரி உரிமையோடு இன்னொன்றும் ஏறியது. நாக்குக்கடியில் கசப்பு ஊறியது. ஒன்று போதும். ஒரே ஒரு மாத்திரை போட்டால் இந்த ‘வாங்க’ தூரத்தில் யாரோ யாருக்கோ சொன்னதாகிவிடும். சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இடது பக்கம், டயர் கடைக்கு அடுத்த சந்து, யாரிடம் கேட்க வேண்டும் என்பதுகூட அவனுக்கு இப்போதே தெரிந்தது. கோகிலாவைப் பேன்சிக் கடையில் கிளிப்பு வாங்கச் சொல்லி அனுப்பலாம், அஞ்சு நிமிசம் போதும். கால் அங்கே போய்விட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு பயத்தை அவன் குழியில் விழுந்தபோதுகூடப் பட்டதில்லை.

“பூபதி, ஃபாரம் குடுங்க,” என்று எஸ்தர் மேடம் கதவைத் திறந்து கை நீட்டினார், கோகிலாவைப் பார்த்துத் தலையசைத்தார். பூபதி கொடுக்கவில்லை. இடது முனையில் குறி அப்படியே இருந்தது. கொடுத்தால் போதும், பையில் துணியை வைத்துக்கொண்டு கிளம்பலாம். கால் மணி நேரத்துக்கு முன்னால் அது உண்மையாகக்கூட இருந்தது. “ஒரு நிமிசமுங்க மேடம்,” என்றான். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்தக் குறியைத் தேய்த்தான், அது அழியாமல் சாம்பலாக ஈசிக்கொண்டது. கை ஆடியது. ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்தான், பிறகு பென்சிலை வலது பக்கம் கொண்டுபோய் எங்கே கனத்ததோ அங்கே கிழித்துக் கொடுத்தான். மேடம் மேசை மேலேயே ஸ்கேலை வைத்து அளந்தார். “எழுபத்தெட்டு,” என்றார். பழைய தாள்களைப் புரட்டினார். “நேத்தும் எழுபத்தெட்டு. மாற்றமே இல்லையே பூபதி.” அவருக்கு என்ன தெரியும், காகிதத்துக்கு என்ன தெரியும், நேற்றைய கோடும் இன்றைய கோடும் அதில் ஒரே மாதிரிதான் இருந்தன. அவன் மேடத்துக்குச் சொல்லவில்லை, கோகிலாவைப் பார்த்துச் சொன்னான், “இத்தன நாளும் போட்டது வண்டி ஏறாத சீட்டு கோகிலா. இன்னிக்குத்தான் வண்டி மேல நிக்குது.” மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோகிலாவுக்குப் புரிந்தது. அவள் தோளிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தாள். “எத்தன நாளுங்க மேடம்?” என்று கேட்டாள். முப்பது என்றார் மேடம். மிதுனா பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடினாள். கோகிலா பையைத் திரும்ப எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்தாள். “நம்பர் நிக்கட்டுங்க,” என்றாள் அவனிடம். “நின்னதுக்கப்பறம் வாங்க.” எந்த வீட்டுக்கு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.